7.41 மணிக்கு 41 டிகிரி

கணிப்பொறியின் கணக்குப்படி, வன்வட்டு காலியாகிப் பதினோரு மணி நேரம் ஆகியிருந்தது.

புதன்கிழமை, காலை 6.41. மதுரை, ஞானஒளிவுபுரம். ஷெரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. மூன்று பழைய கணிப்பொறிகளின் உதிரிகளைக் கோத்து அவளே உருவாக்கிய இயந்திரம் அது. மூடி கிடையாது. சூடு தணிக்கப் பக்கத்தில் ஒரு மேசை விசிறி. ஜன்னல் வழியாக மொட்டை மாடிக்கு ஒரு ஒயர், அதன் நுனியில் வெப்பநிலை உணரி. இயந்திரம் ஓடுவது லினக்ஸில். அப்பாவின் பென்ஷன் படிவங்களுக்காக ஓர் ஓரத்தில் விண்டோஸும் இருந்தது.

இரண்டாவது வட்டில் அண்ணன் ஜூடு எடுக்கும் கல்யாண வீடியோக்கள். "என்கிட்டக் குடு அண்ணே, பத்திரமா இருக்கும்" என்று வாங்கி வைத்தவள் அவள்தான்.

வட்டில் ஒன்றுமில்லை.

"எழுமலைக் கல்யாணம்?" ஜூடு கதவருகே நின்றான்.

"அதும் இல்ல அண்ணே."

"கேமரா கார்டெல்லாம் அழிச்சுட்டேன்டி. இது ஒண்ணுதான் இருந்துச்சு."

ஷெரின் இயந்திரத்தின் பதிவேட்டைத் திறந்தாள். திங்கள் இரவு அணைத்தது. அதன் பின் ஒரே ஒரு முறை யாரோ போட்டிருக்கிறார்கள். செவ்வாய், மாலை 7.41. இரண்டாம் வட்டைப் படிக்க முடியவில்லை என்று ஒரு வரி. அடுத்த நிமிடமே மின்சாரம் நின்றிருக்கிறது. வட்டு விண்டோஸ் முறையில் புதிதாக ஃபார்மட் ஆகியிருந்தது.

"ஏழு நாப்பத்தொண்ணா?" ஜூடுவின் குரல் மாறியது. "அப்ப விக்ரம்தான். நான் குளிக்கப் போனேன். வந்து பாத்தா உன் ரூம்ல உக்காந்திருக்கான். கேபிள் திருப்பிக் குடுக்க வந்தானாம்."

விக்ரம் நாலு வருடம் ஜூடுவோடு வேலை பார்த்தவன். போன மாதம்தான் பிரிந்து போய்த் தனியாக ஸ்டுடியோ போட்டான். லினக்ஸ் பைத்தியம். ஷெரின் தயங்காமல் பேசும் ஒரே வெளி ஆள்.

"அவர் எதுக்கு விண்டோஸ்ல போய்..."

"உனக்குச் சந்தேகம் வரக்கூடாதுன்னுதான். சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். அவனே வந்து ஒத்துக்கிட்டா சரி. இல்ல, ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவேன்."

புகார் உண்மையோ பொய்யோ, கல்யாண வீட்டார் காதுக்குப் போனால் போதும். விக்ரமை இனி ஒரு மண்டபத்திலும் கேமராவோடு விடமாட்டார்கள்.

காலை 7.15. கூடத்தில் அப்பா இன்னாசிமுத்து ஸ்டூல் போட்டு ஏறிச் சுவர்க்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். மிஷன் பள்ளி அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தர்.

"ரெண்டு நிமிஷம் பின்னாடி ஓடுது" என்றார்.

"வீடே பத்தி எரியுது. இவருக்கு ரெண்டு நிமிஷம்" என்றாள் அம்மா ஆனிமேரி.

"நேத்து ஏழே முக்காலுக்கு எங்க இருந்தீங்க, அப்பா?"

"கோயில்ல. செவ்வாக்கிழமை, அந்தோணியார் நவநாள். அம்மாவும் நானும்."

"நீங்கம்மா? நேத்து பூரா யாரு யாரு எங்க இருந்தோம்?"

"பேரையூர்ல செத்த வீட்டுக்குத் துட்டி கேக்கப் போயிட்டு அஞ்சு மணிக்குத்தான வந்தேன். நீ காலேஜ் போயிட்டு ராத்திரிதான் வந்த. ஜூடு திருவாதவூர்ல சடங்கு வீட்டுக்குப் படம் புடிக்கப் போயிட்டான். சாயங்காலம் ஆறரைக்கு நாங்க கிளம்பயில இவன் மட்டுந்தான் வீட்டுல."

அப்பா ஸ்டூலை விட்டு இறங்கவில்லை.

மதியம் 12.30. கல்லூரி வாசல் ஜூஸ் கடை. விக்ரம் கண்ணாடித் தம்ளரைத் தொடவேயில்லை.

"கம்ப்யூட்டரைப் போட்டீங்களா?"

"இல்ல."

"எம்புட்டு நேரம் இருந்தீங்க?"

"பத்து நிமிஷம். ஃபேனுக்குக் கீழ உக்காந்திருந்தேன்."

"யாராச்சும் பாத்தாங்களா?"

"உங்க வீட்டுப் பல்லி பாத்துச்சு. கூப்பிட்டுக் கேளு."

அவள் சிரிக்கவில்லை. அவனும் உடனே நிறுத்திக்கொண்டான்.

"எதையுமே தொடலையா?"

"ஒண்ணத் தொட்டேன். சிடி போடுற தட்டு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. உள்ள தள்ளிவிட்டேன். அம்புட்டுதான்." தம்ளரை நகர்த்தினான். "ஜூடு நம்பலைன்னா போறான். நீ நம்புறியா?"

நம்புகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். நம்பிக்கை ஜூடுவிடம் செல்லாது. ஆதாரம் வேண்டும். எழுந்து வந்தாள். பேருந்தில் வரும்போது ஒரே யோசனை. அந்தத் தட்டில் அவள் சிடி போட்டு மூன்று வருடம் ஆகிறது.

பிற்பகல் 3.50. வீடு. முதல் வட்டில் வெப்பநிலைக் கோப்பு இருந்தது. இயந்திரம் எழுந்ததும் மாடி உணரியைப் படித்து, மணியோடு ஒரு வரி எழுதும். செவ்வாய்க்கிழமைக்கு ஒரே வரி.

19.41. வெப்பம் 41.2.

இரண்டு முறை படித்தாள். கத்திரி வெயில்தான். ஆனாலும் இருட்டிய பின் மாடியில் நாற்பத்தொன்று இருக்காது. முந்தின வாரப் பதிவுகளைத் தேடினாள். மாலை ஏழே முக்காலுக்கு முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு. நாற்பத்தொன்று வந்ததெல்லாம் மதியம் இரண்டு மணியை ஒட்டி.

உணரி பொய் சொல்லவில்லை என்றால் கடிகாரம் பொய் சொல்லியிருக்கிறது.

4.10க்கு இயந்திரத்தை அணைத்து விண்டோஸில் எழுப்பினாள். திரையின் மூலையில் மணி காலை 10.40 என்று இருந்தது. ஐந்தரை மணி நேரம் பின்னால்.

ஷெரின் ஒரு தாளை எடுத்துக் கழித்துப் பார்த்தாள்.

மாலை 4.52. ஜூடு புகார்த் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வண்டிச் சாவி கையில் இருந்தது. அம்மா வாசலை மறித்து நின்றாள். அப்பா நாற்காலியில்.

"அண்ணே, போகாத. விக்ரம் இல்ல."

"வந்துட்டா வக்கீலு. பின்ன யாரு?"

"மொதல்ல எப்பன்னு கேளு. ராத்திரி இல்ல. மதியம் ரெண்டு பதினொண்ணு."

"மெஷின்தான ஏழு நாப்பத்தொண்ணுன்னு சொல்லுது?"

ஷெரின் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "உள்ள ஒரு சின்னக் கடிகாரம் இருக்கு. லினக்ஸ் அதுல கிரீன்விச் நேரத்த வச்சுக்கும். நமக்குக் காட்டும்போது அஞ்சரை மணி நேரம் கூட்டிக் காட்டும். விண்டோஸ் கூட்டாது. இருக்கறத அப்படியே காட்டும். அதனால இந்த மெஷின்ல விண்டோஸ் தொறந்தா மணி எப்பவும் அஞ்சரை மணி நேரம் பின்னாடி இருக்கும். எனக்குத் தெரியும். விக்ரமுக்கும் தெரியும். நாங்க அதத் தொடவே மாட்டோம்."

"அதுக்கு?"

"நேத்து ஒருத்தர் விண்டோஸத் தொறந்து அந்த மணியச் சரி பண்ணியிருக்காங்க. அப்புறம் லினக்ஸ் எழுந்து, சரியான மணியோட இன்னும் அஞ்சரையக் கூட்டிருச்சு. ரோடு தோண்டுனதுல நேத்து பூரா நெட் இல்ல. இருந்திருந்தா லினக்ஸ் தன்னைத் தானே திருத்தியிருக்கும். இன்னைக்குக் காலைல நெட் வந்துச்சு, திருத்திக்கிச்சு. அதான் நமக்குத் தெரியல."

ஜூடு சாவியைச் சுழற்றுவதை நிறுத்தினான்.

"கெடுக்கணும்னு வர்ற ஆளு கடிகாரத்தத் திருத்திட்டா போவான்? தப்பான மணியப் பாத்தா கை சும்மா இருக்காத ஆளுதான் திருத்தும். ரெண்டு மணிக்கு வீட்டுல தனியா இருந்த ஆளு." குரல் இறங்கியது. "அப்பா."

"அப்பாவா? மவுஸப் புடிச்சா எலியப் புடிச்ச மாதிரி பதறுவாரு. போ புள்ள!" என்றான் ஜூடு.

யாரும் சிரிக்கவில்லை. இன்னாசிமுத்து தரையைப் பார்த்தார்.

"எட்டரைன்னு காட்டுச்சு" என்றார். "அப்ப மணி ரெண்டு. பாத்துட்டு எப்படி விடுறது?"

"அப்பா!" ஜூடு ஓரடி முன்னால் வந்தான்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல டி டிரைவ்னா சிடி. அந்தப் பழக்கம். டி-யத் தட்டுனேன். ஃபார்மட் பண்ணாத்தான் தொறக்க முடியும், பண்ணவான்னு கேட்டுச்சு. சிடியத்தான் கேக்குதுன்னு ஆமான்னுட்டேன். இங்க டி-ங்கறது ஜூடோட வட்டு, சிடி அடுத்த எழுத்துல இருந்துச்சு. பாத்து முடிச்சு மூடுனா, அது திரும்பவும் எழுந்து என்னென்னமோ எழுதுச்சு. சிடிய எடுத்துக்கிட்டு சுவிட்ச அணைச்சுட்டேன்." நிமிர்ந்தார். "ஜூடு, அந்தப் பயலக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளு. காலையிலேர்ந்து சொல்லிரணும்னுதான் இருந்தேன். அஞ்சடிக்கிறதுக்குள்ள சொல்லியிருப்பேன்."

"லினக்ஸ் வட்ட விண்டோஸால படிக்க முடியாது, அதான் அப்படிக் கேட்டிருக்கு. மேலாகத்தான் அழிஞ்சிருக்கு அண்ணே" என்றாள் ஷெரின். "முக்கால்வாசி மீட்டுரலாம்."

ஜூடு புகார்த் தாளை எடுத்து நான்காகக் கிழித்தான். அப்புறம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போகத் திரும்பினான். அவனுக்கு விஷயம் முடிந்துவிட்டது.

ஷெரினுக்கு முடியவில்லை. அப்பாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்.

"அது என்ன சிடிப்பா?"

"பழைய பாட்டு."

"அதுக்கு விண்டோஸ் வேணாம்ப்பா. லினக்ஸ்லயே கேக்கலாம். விண்டோஸ்ல மட்டும் தொறக்கற சிடி இப்ப ஒரே எடத்துலதான் குடுக்கறாங்க."

அம்மா வாசலை விட்டு வந்தாள். "எந்த எடத்துலடி?"

ஷெரின் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். ஜூடு வாசற்படியில் நின்றுவிட்டான்.

இன்னாசிமுத்து எழுந்து பீரோவுக்குப் போனார். பைபிளுக்கு அடியிலிருந்து ஸ்கேன் சென்டரின் வெள்ளை உறையை எடுத்து மனைவியின் கையில் வைத்தார்.

"ரிப்போர்ட்டுல எழுதியிருந்தாங்க. நம்ப முடியல. படத்தை ஒருவாட்டி நானே தனியாப் பாத்துக்கிட்டு அப்புறம் உங்ககிட்டச் சொல்லலாம்னு நெனச்சேன்."

"என்ன எழுதியிருந்தாங்க?"

"தலைக்குள்ள கட்டி இருக்கு ஆனி. மூணு புள்ளி நாலு சென்டிமீட்டர்."