நாற்பதை அறுபதாக்கியது யார்?

காலை 6.20. பரமலிங்கத்தின் படகு கவிழ்ந்தபடி பருத்தித்துறைக் கரையில் வந்து ஒதுங்கியது. பரமலிங்கம் வரவில்லை.

காற்று மணிக்கு நாற்பது கிலோமீற்றரைத் தாண்டினால் மீனவரின் தொலைபேசிச் செயலி அலற வேண்டும். அன்று காற்று ஐம்பத்திரண்டு. செயலி வாய் திறக்கவில்லை. யாரோ நிரலில் நாற்பதை அறுபதாக்கியிருந்தார்கள்.

9.40. சாவகச்சேரி. செயலியைச் செய்த அலுவலகத்துக்குள் மீனவர் சங்கத்தின் கணினிக்காரி பாலேஸ்வரி நெருப்பாக நுழைந்தாள். பரமலிங்கம் அவளுடைய தாய்மாமன்.

மேலாளர் நிருஷன் திரையைத் திருப்பினான். எந்த வரியை யார் கடைசியாகத் தொட்டார் என்று காட்டும் பதிவேடு அது. அறுபதுக்கு நேரே அங்கே நிரல் எழுதும் தனுஷாவின் பெயர் இருந்தது.

"பாருங்கோ அக்கா. பொலிசுக்கும் சொல்லிப்போட்டன்."

மூலையில் நின்ற தனுஷா விம்மினாள். "நான் உந்த இலக்கத்தைத் தொடவே இல்லை."

அவளை அறையப் பாலேஸ்வரிக்குக் கை துறுதுறுத்தது. ஆனால் கண் திரையை விடவில்லை. நானூறு வரி. எல்லாவற்றுக்கும் தனுஷா. எல்லாவற்றுக்கும் ஒரே நேரம்: விஜயதசமி, காலை 10.12.

"ஒரு நிமிசத்திலை நானூறு வரி எழுதினனியோ?"

"எழுதேல்லை அக்கா. வரிகளின்ரை தொடக்கத்திலை இடைவெளி விட்டு அடுக்கினனான். அவ்வளவுதான்."

"ஆர் சொன்னது?"

"நிருஷன் அண்ணை. பூசையிலை வச்ச கணினியை எடுத்து, நல்ல நேரத்திலை முதல் வேலையா உதைச் செய் எண்டவர்."

இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காதே என்று பாலேஸ்வரி பதிவேட்டுக்குக் கட்டளையிட்டாள். தனுஷாவின் பெயர் ஒவ்வொரு வரியிலிருந்தும் விலகியது. அறுபதுக்கு நேரே நிருஷனின் பெயர். பூசைக்கு முதல்நாள் மாலை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்!

"ஏன்டா செய்தனி?"

"சும்மா சும்மா அலறுது எண்டு சனம் செயலியை அழிச்சது அக்கா. அதுதான் கொஞ்சம்..."

"பிழையெண்டு தெரிஞ்சுதானே செய்தனி? நாளைக்கு ஆள் செத்தா ஆரின்ரை தலையிலை விழவேணும் எண்டு அண்டைக்கே பாத்து வச்சிட்டாய். நல்ல நாள் எண்டு சொன்னால் இந்தப் பிள்ளை மறுக்காது எண்டும் தெரியும் உனக்கு."

பாலேஸ்வரி நிருஷனின் கதிரையை இழுத்து விட்டாள்.

"இரு. இண்டைக்கும் படகுகள் இறங்கும். முதல் நாற்பதாக்கு, உன்ரை பேரிலை. பிறகு என்னோடை வா. மாமி இன்னும் கரையிலைதான் நிக்கிறா. ஆர் செய்தது எண்டு அவவுக்கு நீயே சொல்லு."