மிஞ்சிய இருபத்தேழு உறைகள்

காலை 9.10.

விமானப் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு அலுவலகம். இரும்பு அலமாரியைத் திறந்த எழுத்தரம்மா அப்படியே நின்றுவிட்டார். முந்தின நாள் எண்ணி அடுக்கிய எண்பத்தெட்டு உறைகளில் இருபத்தேழுதான் இருந்தன.

சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள், இப்போது என்ன சம்பளம், கல்விக் கடன் எவ்வளவு பாக்கி என்று எழுதி, ஒட்டி அனுப்பிய உறைகள். மறுநாள் கடன் தரும் வங்கியின் குழு வந்து பிரிக்கவிருந்தது. விளம்பரத்தில் போட்ட சராசரிச் சம்பளம் பொய்யென்றால், இனி சேரும் பிள்ளைகளுக்குக் கடன் கிடையாது.

10.05. இன்ஸ்பெக்டர் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவர். பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு: ஒன்று எழுத்தரம்மாவிடம், மற்றது வேலைவாய்ப்பு அதிகாரியிடம்.

"எத்தனை மணிக்குப் பூட்டுனீங்க?"

"அஞ்சரைக்கு மேடம்."

"சாவி?"

"கைப்பையிலதான் இருந்துச்சு."

அதிகாரி இன்ஸ்பெக்டரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனார். "நான் நாலு மணிக்கே கிளம்பிட்டேன். அந்தம்மா வீட்டை அடமானம் வெச்சுப் பையனை இங்க பைலட் படிப்பு படிக்க வெச்சாங்க. கடன் கழுத்தை நெரிக்குது. யாராவது காசு கொடுத்து எடுக்கச் சொல்லியிருப்பாங்க."

10.40. இன்ஸ்பெக்டர் உறைகளை மேசையில் பரப்பினார். எதையும் யாரும் பிரிக்கவில்லை. இருபத்தேழின் மூலையிலும் ஏதாவதொரு விமானக் கம்பெனியின் முத்திரை.

"மத்ததெல்லாம்?"

"வீட்டு விலாசம் போட்ட சாதா உறைங்க மேடம்."

"உங்க பையன் அனுப்பலையா?"

எழுத்தரம்மா நீல முத்திரை போட்ட ஓர் உறையைத் தொட்டார்.

"என்ன விமானம் ஓட்டுறார்?"

"ஓட்டலை." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அந்தக் கம்பெனியில பெட்டி ஏத்தி இறக்குறான். உறை அங்க கேட்டு வாங்கினது. இங்க யார்கிட்டயும் நான் சொல்லலை."

11.30. இன்ஸ்பெக்டர் அதிகாரியின் எதிரில் உட்கார்ந்தார்.

"சாவியை எடுங்க சார். உறைங்க எங்க?"

"என்ன மேடம், என்னையா சந்தேகப்படுறீங்க?"

"எடுத்தவங்க பிரிச்சுப் பார்க்கலை. முத்திரையைப் பார்த்து, இவன் நல்லா சம்பாதிக்கிறான்னு விட்டுட்டாங்க. குறைஞ்ச சம்பளத்தை ஒழிக்கிறதுதான் நோக்கம். அந்தம்மா எடுத்திருந்தா முதல்ல போயிருக்க வேண்டியது அவங்க பையனோட உறை. அது இருக்கு. அவன் பெட்டி தூக்குறது தெரியாதவர்தான் அதை விட்டிருக்க முடியும். சாவி வெச்சிருக்கிற இன்னொருத்தர் நீங்க. வேலைவாய்ப்பு அதிகாரிக்கு, பிள்ளைங்களுக்கு என்ன வேலை கிடைச்சுதுன்னே தெரியலை."

அதிகாரி கார் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "கார் டிக்கியில இருக்கு. சராசரி இறங்கினா என்னைத் தூக்கிடுவாங்க மேடம்."

அறுபத்தொன்றும் திரும்பி வந்தன.

மறுநாள் குழு உட்கார்ந்தது. ஒருவர் பிரித்து வாசிக்க, எழுத்தரம்மா பதிவேட்டில் எழுதினார். நீல முத்திரை உறையும் பிரிந்தது. சம்பளம் வாசித்தார்கள், எழுதினார். கடன் தீர இன்னும் இருபத்துமூன்று வருடம் என்றார்கள், எழுதினார்.

"கடைசிக் கேள்வி. இந்தப் படிப்பை மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?" வாசித்தவர் பதிலுக்கு வந்தார். "அம்மா அங்கே வேலை பார்க்கிறார். அதனால் பதில் எழுதவில்லை."

எழுத்தரம்மா அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.

"அடுத்தது சொல்லுங்க சார்."