பூஜ்யம் வோல்ட்

குமிழை முழுக்கத் திருப்பிய பிறகும் ஆறாவது விளக்கு அணையவில்லை.

பேட்டையில் எல்.இ.டி. விளக்குகளுக்கு டிரைவர் செய்யும் சின்னப் பட்டறை அது. வெளியே கரண்டு எப்படி ஏறி இறங்கினாலும் விளக்குக்குப் போகும் வோல்டேஜைச் சீராக வைத்திருப்பதும், குமிழுக்குத் தக்கபடி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதும் அந்தக் கையகலப் பெட்டிதான். ஜன்னல்களில் கறுப்புத் தாள் ஒட்டி, ஈயம் பற்றவைக்கும் புகையும் சூடேறிய பிளாஸ்டிக்கும் சேர்ந்து மணக்கும் இருட்டறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பது ஜெபராணியின் வேலை. கணவன் எஸ்றாவை அடக்கம் செய்து பதினேழு நாள் ஆகியிருந்தது. இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். இன்னும் அழவில்லை.

மீட்டரை வைத்துப் பார்த்தாள். பூஜ்யம். விளக்கோ சாம்பலுக்குள் கிடக்கும் கங்குபோலக் கனன்றுகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இது அணைய மாட்டேங்கு. மீட்டர்ல ஒண்ணுமே காட்டலை."

முதலாளி முகம்மது சுல்தான் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தார். "கபாசிட்டர்ல கரண்டு மிச்சம் நிக்கும்மா. பைய அடங்கும். நான் அஸர் தொழுதுட்டு வந்துருதேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

பிளக்கைப் பிடுங்கினாள். கங்கு அப்படியே இருந்தது. மறுபடி செருகி, குமிழை முழுதாக ஏற்றினாள். எதிர்ச் சுவரில் அவள் நிழல் விழுந்தது. மெல்லக் குறைத்தாள். பாதி. கால்வாசி. அதற்கும் கீழே இறங்கியபோது, அவள் நிழலுக்குப் பின்னால் இன்னொன்று நின்றது. ஒரு தலை உயரம் கூடுதலாக.

அறையில் எரிவது ஒரே விளக்கு.

பயம் வரட்டும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட ஈறுபோல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. எஸ்றாவும் அந்த உயரம்தான். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். நிழல் நெருங்கி வந்தது. தோளுக்கு அருகே மூச்சு. அதில் ஈர மண் வாடை.

"நீங்களா?"

நிழல் தலையை அசைத்தது. இல்லை என்று.

அப்போதுதான் அவளுக்குள் ஏதோ உடைந்தது. வெளிச்சத்தைக் கூட்டக் குமிழைப் பிடித்தாள். அசையவில்லை. அவள் விரல்கள்மேல் வேறு விரல்கள் இருந்தன. குளிர்ந்தவை. நீளமானவை. அவை குமிழை இடப்பக்கம் திருப்பின.

விளக்கு அணைந்தது.

கதவடி இடுக்கில் நாலு மணி வெயில் மஞ்சளாகக் கிடந்தது. பக்கத்துப் பட்டறையில் லேத் ஓடும் சத்தம். அண்ணாச்சி வந்துவிடுவார். அந்த வெயிலையே பார்த்தாள்.

குமிழ் நிற்கவில்லை. திருப்ப இடமில்லாத பக்கம் திரும்பிக்கொண்டே போனது.

வெயில் மங்கியது. சீராக. ஒரு துடிப்புகூட இல்லாமல். பாதி. கால்வாசி. கூடவே லேத் சத்தமும் தேய்ந்தது.

இடுக்கில் ஒரு நூல் வெளிச்சம் மிச்சம்.

விரல்கள் இன்னும் திருப்பின.