மூன்று எடுத்தால் ஐந்து பவுண்ட்

“ரெண்டு போதும்னு சொல்றேன்ல…”

“மூணு எடுத்தா அஞ்சு பவுண்ட், கண்ணு. ரெண்டுன்னா நாலு. மூணாவதை யாராவது விடுவாங்களா?”

“வீட்ல வைக்க இடம் இல்லம்மா.”

“அப்போ இன்னைக்கே சாப்பிட்டுடுங்க.”

கல்லாவில் இருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். சட்டையில் ஷாண்டெல் என்று பெயர் குத்தியிருந்தது. வட இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் எல்லோரும் எல்லோரையும் அழைப்பதுபோல அவளும் அறுபது வயது தெல்மாவைக் கண்ணு என்றுதான் அழைத்தாள். பின்னால் வரிசை நீண்டது. யாரோ செருமினார்கள். வெளியே நவம்பர் மழை கண்ணாடிக் கதவை அறைந்துகொண்டிருந்தது. தெல்மாவுக்குக் காது மடல் சுட்டது. இந்தக் கடைக்குப் புதுசு என்று எல்லோருக்கும் தெரிந்துபோய்விட்டதே…

“மன்னிக்கணும்,” என்றது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். “என்கிட்ட நாலு பெட்டி இருக்கு. உங்ககிட்ட ரெண்டு. ஒண்ணாப் போட்டா இந்த வரிசைக்கு விடுதலை.”

திரும்பினாள்.

உயரமான மனிதர். நனைந்த தொப்பி. மூக்குக் கண்ணாடிக்குப் பின்னால் சாம்பல் நிறக் கண்கள்… மழை விட்டதும் ஸ்லேட்டுக் கூரையின் மேல் ஒரு வெளிச்சம் விழுமே, அந்த நிறம். வாய் சிரிக்கவில்லை. கண்கள் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தன.

“முன்பின் தெரியாதவங்களோட சேர்ந்து நான் மீன் வாங்கறதில்ல,” என்றாள்.

“நானும்தான். பேரு நெவில். ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். இப்போ தெரிஞ்சவன் ஆயிட்டேன்.”

அதற்குள் ஷாண்டெல் ஆறு மீன் பெட்டிகளையும் இழுத்து மொத்தமாக பில் போட்டுவிட்டாள். நெவிலின் கூடையிலிருந்து கடைசியாக ஒரு பெரிய பாக்கெட் வந்தது. உறைந்த யார்க்‌ஷயர் புட்டிங். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு சுடும் முட்டை மாவுப் பண்டம், பன்னிரண்டு.

தெல்மாவால் வாயைக் கட்டுப்படுத்த முடியவில்லை. “யார்க்‌ஷயர்ல பிறந்துட்டு… இதையா வாங்கறீங்க?”

“நானே ஒருவாட்டி சுட்டுப் பாத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் நாய்க்குப் போட்டேன். அது மண்ணைத் தோண்டிப் புதைச்சுது.”

சிரிப்பு வந்தது. எட்டு மாதமாக வராத சிரிப்பு. அது இப்படியா வரவேண்டும், சில்லென்ற கடையில், ஒரு மீன் பெட்டிக்கு முன்னால்…

அவள் கோட்டுப் பையிலிருந்து ஒரு துணிப்பையை விரித்தாள். பணக்காரர்கள் போகிற பெரிய கடையின் பெயர் போட்ட பை. அதற்குள் பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கி மேலே தன் கழுத்துத் துணியைப் போட்டு மூடினாள். நெவில் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அடேயப்பா… நம்ம மீனுக்கு வந்த வாழ்வைப் பாருங்க.”

அவள் பையை இடுக்கிக்கொண்டு மழையில் இறங்கினாள்.

ஏன் மூடினாள் என்று எப்படிச் சொல்வாள்? அவள் ஹெப்வொர்த் கறிக்கடை தெல்மா. மூன்று தலைமுறைக் கடை. “பெட்டியில உறைஞ்சு கிடக்கிறது கறி இல்ல, கறியோட ஞாபகம்,” என்று அவள் கணவர் ரெஜ் வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சொல்லி விற்ற கடை. அவருக்கு உடம்பு முடியாமல் போனதும் கடையை மூடினார்கள். மார்ச்சில் அவரும் போய்விட்டார்.

சந்தையில் இன்னும் நாலு கறிக்கடைகள் இருந்தன. அங்கேதான் போகமுடியவில்லை. போனால் கத்தியைக் கீழே வைத்துவிடுவார்கள். தலையை ஒரு பக்கம் சாய்ப்பார்கள். “எப்படி இருக்கீங்க தெல்மா…” நல்லதாக ஒரு சாப்ஸ் எடுத்துத் தாளில் மடித்து நீட்டுவார்கள், காசு வாங்கமாட்டார்கள். ஒவ்வொரு சாப்ஸும் ஒரு துக்க விசாரிப்பு. வீட்டுக்கு வந்தால் ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியவில்லை. முப்பத்தெட்டு வருஷம் இரண்டு பேருக்கு அளந்த கை அது. பாதி குப்பைக்குப் போயிற்று. உறைந்த சாமான் மட்டுமே விற்கும் இந்த ஃப்ரோசன் கடையில் அவளை யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் போனாள். அங்கேயும் கறி இருந்த பக்கம் திரும்பவில்லை… அது துரோகம். மீன் என்றால் பரவாயில்லை என்று மனசோடு ஒப்பந்தம் போட்டிருந்தாள்.

அன்று மாலை ஒரே ஒரு பெட்டியைப் பிரித்தாள். உள்ளே இரண்டு துண்டு. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மூடி வைத்தாள். பட்டாணிப் பாக்கெட்டிலிருந்து ஒரு கைப்பிடி. அவ்வளவுதான்… எதுவும் வீணாகவில்லை. தட்டு காலியானது. ஒற்றை ஆளுக்கு இப்படி ஒரு கருணை உண்டா என்று தோன்றியது. பட்டாணி, சந்தையில் வாங்குவதைவிட இனிப்பாகக்கூட இருந்தது. அதை யாரிடமும் ஒப்புக்கொள்ள அவள் தயாராக இல்லை.

அடுத்த வியாழக்கிழமையும் அவர் அங்கே இருந்தார்.

“இன்னைக்கு என்னங்க கணக்கு?” என்றார். “நான் ரெண்டோட நிக்கிறேன். ஒருத்தர் கிடைச்சா போதும்.”

“அதிகமா வாங்க வைக்கிறதுதான் இவங்க தந்திரம்.”

“தந்திரம்தான். ஆனா அதனாலதானே நாம பேசிக்கிட்டிருக்கோம்.”

அப்படியே வழக்கமாயிற்று. மூன்றில் ஒன்று அவளுக்கு, இரண்டு அவருக்கு, மறுவாரம் மாற்றி. எல்லாம் குடும்பங்களுக்கு என்று கட்டிய மூட்டைகள். பன்னிரண்டு, இருபத்துநாலு, ஒரு தலையணை அளவுக்கு உருளைக்கிழங்கு. அவள் குளிர்பெட்டியில் உறைநிலைத் தட்டு என்று இருந்தது ஒரு செருப்புப் பெட்டி அளவு. மீதியை நெவில் வீட்டுப் பெரிய குளிர்பெட்டியில் வைத்தார்கள். “உங்க இறால் நல்லா இருக்கு, உங்களை விசாரிச்சுது,” என்பார் மறுவாரம்.

குறைகளும் இருந்தன. பிடித்த ஒன்று அடுத்த வாரம் இருக்காது. ஏன் என்று கேட்டால் ஷாண்டெல் தோளைக் குலுக்குவாள். நடந்து வீடு சேர்வதற்குள் அட்டை ஊறி அடி விட்டுவிடும். ஒருநாள் நெவில் எடுத்த சாசேஜை அவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“இதுல கறி எங்க இருக்கு?”

“அட்டைப் பெட்டி மேல படம் போட்டிருக்கே.”

“நெவில், இது ரொட்டி. ரொட்டிக்குச் சட்டை போட்டு விட்டிருக்காங்க.”

“உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியுது?”

அன்றுதான் ரெஜ்ஜைப் பற்றிச் சொன்னாள். கடையைப் பற்றி. நின்ற இடத்திலேயே, ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு எதிரே. நெவில் தலையைச் சாய்க்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “நல்ல மனுஷன்னு கேள்விப்பட்டிருக்கேன்,” என்று மட்டும் சொன்னார். பிறகு அந்த சாசேஜை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அந்த நடையைத்தான் அவளால் மறக்க முடியவில்லை… ஏதோ ஒரு மரியாதையைச் சுமந்துகொண்டு போவதுபோல.

பிற்பாடு அவளுக்கு ஒன்பது வருஷம் கிடைத்தது. நெவிலும் போன பிறகு, அவருடைய அந்தப் பெரிய பெட்டி அவள் சமையலறை மூலையில் முனகிக்கொண்டிருக்கும்போது, இந்த வியாழக்கிழமைகளைத்தான் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பாள். எந்தத் தந்திரக்காரன் மூன்று எடுத்தால் ஐந்து பவுண்ட் என்று எழுதிவைத்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்துவாள். ஆனால் அந்த ஒன்பது வருஷமும் கிடைக்காமலே போயிருக்கக்கூடும். பிப்ரவரியில், அவளுடைய நாக்காலேயே.

அன்று இருவரும் ஒரே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு அவள் சாப்பிடப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளே யார்க்‌ஷயர் புட்டிங் சுட்டுக் காட்டுவதாகப் பேச்சு.

“தெல்மா?”

ஆட்ரி. ரெஜ்ஜின் அக்கா. ஹெப்வொர்த் பெயரைக் கசங்காத கைக்குட்டைபோல மடித்து வைத்திருப்பவள். இந்த மாதிரிக் கடைகள்தான் தம்பியைக் கொன்றன என்று இழவு வீட்டில் சொன்னவள்.

“நீ இங்க என்ன பண்றே?”

தள்ளுவண்டியிலிருந்து தெல்மாவின் கை தானாக விலகியது. “மழை… ஒதுங்க வந்தேன்.”

“இவர் யாரு?”

“தெரியாது… அவரோட சாமான்.”

சொல்லிவிட்டாள். தன் இரண்டு பெட்டிகளையும் அவர் பக்கம் தள்ளியும் விட்டாள். அந்தச் சாம்பல் கண்களில் வெளிச்சம் மெல்ல அணைந்ததை அவள் பார்த்தாள். தொப்பியைத் தொட்டு, இரண்டு பெண்களுக்கும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

அடுத்த வியாழன் அவர் வரவில்லை. அதற்கடுத்த வியாழனும். மூன்றாவது வியாழன் அவள் ஒற்றை மீன் பெட்டியோடு கல்லாவில் நின்றாள்.

“உங்க ஆளு எங்க, கண்ணு?” என்றாள் ஷாண்டெல்.

“என் ஆளு இல்ல.”

“சரி, யாரோட ஆளோ… அவர் செவ்வாய்க்கிழமை காலைல வர்றாரு இப்போல்லாம். ரெண்டு பெட்டி எடுக்கறாரு. மூணாவதை எடுக்கச் சொன்னா, இல்ல கண்ணு, அப்படியே இருக்கட்டும்னு போறாரு. முழு விலையும் குடுத்துட்டு.” ஸ்கேனரைக் கீழே வைத்தாள். “நல்ல மனுஷன், கண்ணு. சண்டையா?”

“இல்லம்மா. சண்டைன்னா பரவாயில்லையே…”

வீட்டுக்கு நடந்தாள். ரெஜ் இருந்தால் என்ன சொல்வார்? கறியைப் பற்றி வேண்டுமானால் கத்துவார். தெரிந்த மனுஷனைத் தெரியாது என்று சொன்னதற்கு… அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதுதான் தாங்காது.

செவ்வாய்க்கிழமை என்றால் ஆட்ரியோடு சந்தையில் காய்கறி, பிறகு காபி. வருஷக்கணக்கான வழக்கம். அன்றும் ஆட்ரி அவள் கையைக் கோத்துக்கொண்டு நடந்தாள். ஃப்ரோசன் கடை வாசலில் தெல்மா நின்றாள்.

“உள்ள வா, ஆட்ரி.”

“இங்கயா? எதுக்கு?”

“ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்லணும். நீயும் கேட்கணும்.”

நெவில் மீன் இருந்த குளிர்பெட்டியின் மேல் குனிந்திருந்தார், இடுப்புவரை உள்ளே. தெல்மா பக்கத்தில் போய் நின்றாள். பின்னால் இரண்டு பெண்கள், ஒரு தள்ளுவண்டிக் குழந்தை, கல்லாவில் ஷாண்டெல். எல்லோரும் தெரிந்த முகங்களாகத்தான் தெரிந்தார்கள்.

“ஆட்ரி, இவர் பேரு நெவில். நவம்பர்ல இருந்து எனக்குத் தெரியும். வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் இங்க வந்தது இவரைப் பாக்கத்தான். அன்னைக்கு மழைக்கு ஒதுங்கலை. இவரைத் தெரியாதுன்னு சொன்னேன் பாரு… அதைவிடக் கேவலமா நான் எதுவும் சொன்னதில்ல.”

ஆட்ரி உதட்டை மடித்தாள்.

“ரெஜ் போய் வருஷம்கூட திரும்பலை,” என்றாள்.

“தெரியும். தினம் எண்றவ நான்தான்.”

“சரி.” ஆட்ரி பையை மறு கைக்கு மாற்றினாள். “நான் போய் இறால் எடுத்துட்டு வரேன். மூணாவது பெட்டி, இடது பக்கம், அடியில.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. கழுத்து சிவந்து, விறைப்பாக அந்தப் பக்கம் நடந்தாள்.

நெவில் மெல்ல நிமிர்ந்தார். குளிரிலிருந்து முகத்தை எடுத்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் புகை படிந்திருந்தது. கண்கள் தெரியவில்லை. அவற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் தெல்மா தவித்தாள்.

“ஒண்ணும் தெரியலையே…” என்றார். “குரல் மட்டும் தெரிஞ்ச குரல். என்ன சொன்னீங்க?”

“கேட்டுச்சு உங்களுக்கு.”

“பெட்டிக்குள்ள தலை இருந்தா பாதிதான் கேட்கும்.”

அவள் அவருடைய கண்ணாடியைக் கழற்றினாள். தன் கழுத்துத் துணியால் ஒவ்வொரு சில்லாகத் துடைத்தாள். துடைக்க வேண்டியதைவிட அதிக நேரம் துடைத்தாள். திரும்ப மாட்டிவிட்டபோது அந்தச் சாம்பல் கண்கள் நனைந்திருந்தன.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, நெவில்,” என்றாள். குரலைத் தாழ்த்தவில்லை. கடைக்கோடியில் இறால் பெட்டிக்குள் தலை கொடுத்திருந்த ஆட்ரிக்கும் கேட்டது.