ஹரால்டின் கல்யாணம்

1944 ஆகஸ்ட் 10, வியாழக்கிழமை. காலை மணி ஏழேகால்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சரித்திர வாத்தியார் நேசையன் வீட்டு டிரங்குப் பெட்டியில், அவர் கதை எழுதிய இருபத்து நாலு நோட்டுப் புத்தகங்கள் இருக்க வேண்டும். அவர் மகள் ஜெயக்கொடி மூன்று தரம் எண்ணிப் பார்த்தாள். இருபத்து மூன்றுதான் இருந்தன. கடைசி நோட்டைக் காணோம்.

பூட்டு உடையவில்லை. அதே பெட்டியின் அடியில் இருந்த, காலமாகிப்போன அவள் அம்மாவின் பட்டுச்சேலை மடிப்புக் கலையாமல் கிடந்தது. பட்டுச்சேலையை விட்டுவிட்டு நோட்டை எடுத்துப் போகிறவன் என்ன திருடன்? போலீசில் சொன்னால் ஏட்டையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அதனால் அவள் ஆஸ்பத்திரி கம்பவுண்டர் வேதசிரோமணியிடம் ஓடினாள்.

வேதசிரோமணியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஊரில் எவர் வீட்டுக் கோழி காணாமல் போனாலும் செய்தி முதலில் அவரிடம்தான் வரும். முக்கால்வாசி கோழிகளைக் கண்டுபிடித்தும் கொடுத்திருக்கிறார், சிலதைக் குழம்பாக. அவள் போனபோது மனிதர் மை வடிகட்டிக்கொண்டிருந்தார். யுத்தத்தில் சீமை மை வரத்து நின்றுபோனதிலிருந்து ஊருக்கே அவர் மைதான். கடுக்காய், அன்னபேதி, கொஞ்சம் பிசின். எழுதுகிறபோது கழனித்தண்ணீர் மாதிரி இருக்கும். மூன்று நாள் காற்றுப்பட்டால்தான் கறுக்கும். "இது மையா, சீரகத் தண்ணியாவே?" என்று ஊரே திட்டிக்கொண்டு அதையே வாங்கிப்போனது.

"மாமா, அப்பா கதையில கடைசி நோட்டைக் காணல!"

கம்பவுண்டர் கரண்டியைக் கீழே வைத்தார்.

அந்தக் கதையை ஊரே அறியும். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய வடகடல். பாம்புத்தலை வைத்த படகுகளில் வைக்கிங்குகள் என்னும் கடற்கொள்ளையர் வந்து இங்கிலாந்தின் சாக்சன் கரையில் இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவன் ஹரால்டு. இடி தேவனைக் கும்பிடுகிறவன். அவனுக்கும் சாக்சன் தலைவன் மகள் எடித்துக்கும் மனசு ஒன்றாகிவிடுகிறது. "வேறே சாமி கும்பிடுகிறவனுக்கா என் மகள்?" என்று தகப்பன் மறுக்க, ஹரால்டு படகேறிப் போய்விடுகிறான். எடித் கரையிலேயே நிற்கிறாள். சனிக்கிழமை தோறும் நேசையன் தம் வீட்டு முற்றத்தில் ஓர் அத்தியாயம் வாசிப்பார். சாக்சன் என்றால் என்ன சாதி என்று முதல் வாரம் கேட்டவர்கள், இப்போது ஹரால்டு கரைசேர வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தார்கள்.

அது யார் கதை என்பதும் ஊருக்குத் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மம்சாபுரத்துச் சோலைச்சாமி ராஜபாளையம் மில்லில் வேலை பார்த்தவன். இங்கிலீஷ் படிக்க நேசையனிடம் வந்தான். பிறகு ஜெயக்கொடியைப் பெண் கேட்டான். கிறிஸ்தவ சபையை விட்டு வெளியே பெண் கொடுப்பதில்லை என்றார் வாத்தியார். அந்த வாரமே அவன் பட்டாளத்தில் சேர்ந்தான். மூன்று வருஷமாயிற்று. இப்போது பர்மா முனையில் லாரி ஓட்டுகிறான்.

"ஞாயித்துக்கிழமை எழுதி முடிச்சதும் அப்பா எங்கிட்ட சொன்னாவ மாமா. 'சனிக்கிழமை கடைசி அத்தியாயத்தைக் கேளு தாயி. பொறவு உனக்கு என்ன வேணுமோ கேளு, இல்லேன்னு சொல்ல மாட்டேன்'னு. எனக்கு அது வெறும் நோட்டு இல்ல, அவிய குடுத்த வாக்கு."

கம்பவுண்டருக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. ஆராதனை முடிந்து மைப்புட்டி வாங்க வந்த நேசையன் சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். 'சாக்சன்காரன் கல்யாண விருந்துக்கு என்ன போடுவான் கம்பவுண்டரே? நான் ஆட்டுக்கறின்னு எழுதப்போறேன்' என்றார்.

காலை எட்டரை. நேசையன் வீடு.

வாத்தியார் சவரம் செய்யாத முகத்தோடு ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"சாவி எத்தனை சார்வாள்?"

"ஒண்ணுதான்."

"எங்க வைப்பீங்க?"

"இடுப்புல. நேத்துச் சாயங்காலம் குளிக்கையில கண்ணாடி மாடத்துல வச்சிருந்தேன்."

"நேத்து யாரு வந்தா?"

"உபதேசியார் வந்தாரு. அதுக்கு முந்தி சோலைச்சாமி ஆத்தா தந்தி வாசிக்க வந்துச்சு. பையன் சுகமா இருக்கானாம். விடும் கம்பவுண்டரே. எழுதினதைத் திரும்ப எழுதிக்கிடலாம்."

சுகம் என்ற சொல்லைக் கேட்டதும் ஜெயக்கொடியின் முகம் மலர்ந்தது. கம்பவுண்டர் அவள் முகத்தைத்தான் பார்த்தார். அது தப்பு. அவர் பார்த்திருக்க வேண்டியது தகப்பனின் முகத்தை.

காலை பத்தேகால். சபை உபதேசியார் தவசிமுத்து வீடு.

சந்தேகப்பட இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அஞ்ஞானியை நாயகனாக்கிய கதையை அடுப்பில் போட வேண்டும் என்று வேதக்கோயில் வாசலிலேயே சொன்னவர்.

"எரிக்கணும்னு சொன்னேன். திருடணும்னு சொல்லலையே ஐயா!"

"நேத்து எத்தனை மணிக்குப் போனீங்க?"

"அஞ்சு மணி. ஆனா ஒண்ணு. வழக்கமா எங்கிட்ட ஒரு மணி நேரம் சண்டை போடுற மனுசன், நேத்து, 'நீங்க சொன்னது சரிதான் உபதேசியாரே, அந்தக் கதையை நான் எழுதியிருக்கக் கூடாது'ன்னுட்டாவ. எனக்கே ஒரு மாதிரி ஆயிப்போச்சு. செபம் பண்ணிட்டு வந்துட்டேன்."

மாலை மூன்று மணி. மம்சாபுரம்.

சோலைச்சாமியின் தாய் சுடலைமாடத்தி வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். பாதிச் சுவர் வெள்ளை. முழங்கை வரைக்கும் சுண்ணாம்பு.

"எம்மவன் லீவு கேட்டிருக்கானாம்யா! சார்வாள் வாசிச்சுச் சொன்னாவ. மூணு வருசமா இந்தச் சுவரைத் தொடல. வீடு கிடக்கிற கிடையில அவனைக் கூப்பிட்டு உக்கார வைக்க முடியுமா?"

"தந்தியைக் காட்டுங்க ஆத்தா, நானும் பாக்கிறேன்."

"தாளு அவியகிட்டதான் இருக்கு. பதில் எழுதணும்னு வச்சுக்கிட்டாவ. எனக்கு என்னத்துக்கு அது, வாசிக்கவா போறேன்?" என்று சிரித்தாள். "செத்த நேரம் இருங்க, மோர் தாரேன்."

கம்பவுண்டர் மோரைக் குடித்துவிட்டு நடந்தார். ஏதோ உறுத்தியது, இன்னதென்று பிடிபடவில்லை.

12ஆம் தேதி, சனிக்கிழமை. காலை ஏழரை.

ஜெயக்கொடி ஒரு நோட்டோடு வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"கிடைச்சிருச்சு மாமா. அலமாரிக்குப் பின்னால கிடந்துச்சுன்னு அப்பா எடுத்துக் குடுத்தாவ. கிடைக்காமலே இருந்திருக்கலாம். ஹரால்டு செத்துப்போறான்."

கம்பவுண்டர் வாங்கி வாசித்தார்.

'அவனுக்கென்று ஒரு பிடி மண் கிடைக்கவில்லை. அவனைப் படகிலேயே கிடத்தி, நெருப்பு வைத்து, கடலில் தள்ளிவிட்டார்கள். எடித் கரையில் நின்று பார்த்தாள். அவள் அறிந்த ஜெபம் எதிலும் அவன் பெயர் இல்லை. ஆகவே அவன் பெயரையே ஜெபமாகச் சொன்னாள்.'

"எழுத்துக்கூட மங்கலாத் தெரியுது. என் கண்ணீர்தான் மறைக்குதுன்னு நினைச்சேன்" என்றாள் ஜெயக்கொடி.

கம்பவுண்டர் கண்ணில் கண்ணீர் இல்லை. அவருக்கும் மங்கலாகத்தான் தெரிந்தது. நோட்டை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். பிறகு செருப்பை மாட்டினார்.

காலை எட்டு மணி. நேசையன் வீடு.

"ஏட்டி, நீ செத்த நேரம் வெளிய இரு."

"இருக்க மாட்டேன் மாமா."

இருபத்து மூன்றாம் நோட்டையும் இருபத்து நாலாம் நோட்டையும் கம்பவுண்டர் மேஜைமேல் விரித்து வைத்தார்.

"இந்த நோட்டைத் திருடினது நீங்கதான், சார்வாள்."

நேசையன் மேஜையிலிருந்த பைபிளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டும் என் மைதான். இது கன்னங்கரேல்னு இருக்கு. இது கழனித்தண்ணி. ஞாயித்துக்கிழமை எழுதினது இன்னும் வெளுத்தா இருக்கும்? இதை நேத்தோ முந்தாநேத்தோதான் எழுதியிருக்கீங்க. ஞாயித்துக்கிழமை எழுதினதுல ஒரு கல்யாணம் இருந்துச்சு, ஆட்டுக்கறிகூட இருந்துச்சு. புதன்கிழமைக்குள்ள அந்த மாப்பிள்ளையை யாரு கொன்னா?"

கம்பவுண்டர் இரண்டு நோட்டுகளையும் மூடினார்.

"நான் ஒரு மடையன். மம்சாபுரத்துலயே கண்டுபிடிச்சிருக்கணும். எழுத்து வாசனை இல்லாத தாய்க்கு மகன்கிட்டயிருந்து நல்ல சேதி வந்தா, தாளை முந்தியில முடிஞ்சு தெருவெல்லாம் காட்டுவா. நல்ல சேதின்னா நீங்களே அவ கையில குடுத்து அனுப்பியிருப்பீங்க. குடுக்கல. வேற யாரும் அதை வாசிச்சிரக் கூடாது, அதான்." கம்பவுண்டரின் குரல் இறங்கிவிட்டது. "அதுல என்ன போட்டிருந்துச்சு சார்வாள்?"

நேசையன் பைபிளைத் திறந்தார். உள்ளே நோட்டிலிருந்து கிழித்த தாள்கள். அந்தத் தாள்களின் நடுவே தந்தி.

"அந்தப் பொம்பளை என் வாயையே பாத்துக்கிட்டு நின்னா" என்றார். "எனக்கு நாக்கு எழும்பல கம்பவுண்டரே. லீவு கேட்டிருக்கான்னு வாய் தானா சொல்லிருச்சு. கும்பிட்டுட்டுப் போனா. கல்யாணத்தை எழுதி அப்ப மூணு நாள்கூட ஆகல. மாட்டேன்னு நான் சொன்னதாலதான் அவன் போனான். அதைச் சரிசொல்ல எனக்கு மூணு வருசம் ஆச்சு. இன்னிக்கு முற்றத்துல உக்காந்து அந்தக் கல்யாணத்தை எப்படி வாசிப்பேன்? அதான் ஒளிச்சு வச்சேன். இவ உங்களைக் கூட்டிட்டு வந்துட்டா. கதையில அவனைச் சாகவிட்டா, கேட்டு ஒரு பாட்டம் அழுவா; பொறவு மெள்ள நிசத்தைச் சொல்லலாம்னு…"

ஜெயக்கொடி அழவில்லை. தந்தியை எடுத்து ஒருமுறை வாசித்தாள். கல்யாணத் தாள்களை எடுத்து ஒரு வரியும் பார்க்காமல் மடித்து இரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, அவியளுக்கு அந்தச் சம்மதம் தெரியாமலே போயிருச்சே" என்று மட்டும் சொன்னாள். நேசையன் முகத்தை மூடிக்கொண்டார்.

காலை பத்தரை. மம்சாபுரம்.

கம்பவுண்டர் வண்டியிலேயே இருந்துவிட்டார். பெரிய சாமர்த்தியசாலிதான், இறங்கத் தைரியம் வரவில்லை.

சுவர் முழுக்க வெள்ளையாகியிருந்தது. வாசல் நிலைக்கு மேலே ஒரு சாண் மட்டும் பாக்கி. சுடலைமாடத்தி ஏணியிலிருந்து இறங்கி, சுண்ணாம்புக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"வா தாயி! என்னம்மா இம்புட்டுத் தூரம்? கையில என்ன, தந்தியா? அதான் சார்வாள் அன்னைக்கே வாசிச்சுட்டாவளே."

"அது தாள்ல இல்லாதது, அப்பாவா சொன்னது, அத்தை."

அத்தை என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சுடலைமாடத்தி அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

ஜெயக்கொடியும் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிரித்தாள்.

"வந்தது இதுதான். நான் வாசிக்கிறேன்" என்றாள்.