கூடவே வந்த பதினேழு பேர்

வெள்ளிக்கிழமை காலை 8.10. பதினொரு அத்தியாயங்களைக் காணவில்லை.

முதல் நாள் மாலை வரை பதினான்கு இருந்தன. செவிலியர் மாணவிகளுக்கான பாடநூல், ஐந்து மாதத் திருத்த வேலை, பகல் பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். இப்போது திரையில் நான்கு, ஒன்பது, பன்னிரண்டு என்று மூன்று மட்டும் பல் விழுந்த வாயாக நின்றன. கணினியின் குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தாயிற்று, காலி. வேறு நகல் இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

பறிகொடுத்தவள் ஒரு பிழைதிருத்துநர். படிக்கட்டில் ஒட்டும் அறிவிப்பில்கூட விட்டுப்போன ‘ப்’பைச் சிவப்புப் பேனாவால் போட்டுவிட்டுத்தான் மாடியேறுவாள். அதனால் அந்தக் குடியிருப்பில் அவளுக்குச் ‘சந்திப்பிழை அக்கா’ என்று பெயர். வீட்டில் அவள் அண்ணி. அப்படி அழைப்பவள் ஒருத்திதான், கணவரின் தங்கை. அவள் நர்ஸ். பக்கத்து மருத்துவமனையில் வேலை கிடைத்து ஆறு வாரமாக இவர்களோடு தங்கியிருக்கிறாள்.

8.25. அண்ணி மிச்சமிருந்த மூன்று கோப்புகளின் நேரத்தைப் பார்த்தாள். மூன்றும் கடைசியாகத் திருத்தப்பட்டது புதன்கிழமை பிற்பகல் மூன்றிலிருந்து நான்குக்குள். அந்த நேரத்தில் அவள் பதிப்பகத்தில் இருந்தாள். கணவர் கடையில் இருந்தார். காலை வேலை முடிந்து வீட்டில் இருந்தது நர்ஸ் மட்டும்தான்.

கணினியைத் தொட்டாயா என்று அண்ணி கேட்டாள். நர்ஸ் கொஞ்சம் யோசித்துவிட்டு, தொட்டேன் என்றாள். அதற்கு அண்ணி சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

“என் பிழைப்பைக் கெடுக்கத்தான் இங்க வந்தியா?”

நர்ஸ் திரும்பி நடந்தாள். அறைக்குள் போய்ப் பெட்டியை எடுத்து வைத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். விடுதியில் இடம் இருக்கிறதாம். பத்தரை மணிக்குக் கார் சொல்லிவிட்டாள்.

கணவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் பார்வை கொடுத்தவர். மனைவியின் கண்ணாடியை மாற்றித் தருகிறேன் என்று நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருப்பவரும் அவர்தான். தங்கை அறைக்கும் மனைவி மேசைக்கும் நடுவில் இரண்டு முறை நடந்தார். இரண்டு இடத்திலும் வாங்கிக் கட்டிக்கொண்டார். மூன்றாவது முறை நேராக வெளியே போய் எதிர் வீட்டு மணியை அடித்தார். இந்தப் பெட்டி வாசலைத் தாண்டினால் திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும்.

9.05. எதிர் வீட்டு போலீஸ் எஸ்.ஐ. அம்மா ஊன்றுகோலோடு வந்தார். இருபத்தாறு வருடப் பணியில் எந்தத் திருடனாலும் முடியாததைக் குளியலறைத் தரை செய்து முடித்திருந்தது. வலது காலில் மாவுக்கட்டு. மூன்று வாரமாக விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவருக்கு ஒரு வழக்கு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அழுதுகொண்டிருக்கும் வீடு என்பது நினைவுக்கு வர, அந்த மலர்ச்சியை அவசரமாக மடக்கிக்கொண்டார்.

கால் நீட்டிக்கொள்ள ஒரு முக்காலியை நர்ஸ் எடுத்துவந்தாள். வேண்டாம், நான் போடுகிறேன் என்று அண்ணி அதை வாங்கிக்கொண்டாள். எஸ்.ஐ. இருவரையும் பார்த்தார். முதலில் கணினியின் பூர்வீகத்தை விசாரித்தார்.

கணவர் சொன்னார். பழையது கோப்புகளை இதற்குக் கொடுத்துவிட்டு உயிரை விட்டுவிட்டது. போன மாதம் பன்னிரண்டாம் தேதி இதை வாங்கினார். எல்லாம் உள்ளேயே போட்டு வருகிறது, இனி நீங்கள் எதுவும் வாங்கவே வேண்டியதில்லை என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னாராம்.

“அந்த எல்லாத்தையும் நான் எண்ணினேன்,” என்றாள் அண்ணி. “பதினேழு.”

கூப்பிடாமல் வந்த பதினேழு பேர். இரண்டு வைரஸ் காவலர்கள் வந்திருந்தார்கள், ஒருவரை ஒருவர் வைரஸ் என்று காட்டிக்கொடுத்துக்கொண்டு. ஐந்து விளையாட்டுகள். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மழையை அறிவிக்க ஒருவர். படங்களை அடுக்குபவர், பாட்டுப் போடுபவர், வீட்டைச் சுத்தமாக வைப்பவர், எதற்கென்றே தெரியாத மிச்சப் பேர். ஒரு வரி எழுதினால் ஒருவர் முளைப்பார். அவரை விரட்டினால் இன்னொருவர் தலை நீட்டுவார். முதல் நாளே அண்ணி மொழிப்பெருமையோடு எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றியிருந்தாள். அதன் பலன், ‘உங்கள் வைரஸை இன்றே புதுப்பித்து மகிழுங்கள்’ என்று தினமும் ஒரு வாழ்த்து. இதைப் படித்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு படிப்பதையே விட்டுவிட்டாள்.

“படிக்காம எப்படிச் சமாளிச்சீங்க?”

“எது வந்தாலும் வேண்டாம்னு ஒரு அழுத்து, போயிடும். ஒரு நாளைக்கு நாப்பது தடவையாவது அழுத்துவேன் அக்கா. விரல் தானாவே போகும்.”

எஸ்.ஐ. சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தார். இன்று பன்னிரண்டாம் தேதி. அப்புறம் நர்ஸைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார்.

9.30. உள்ளறை. மூடாத பெட்டி கட்டிலில் கிடந்தது.

“எத்தனை கோப்பைத் திறந்த?”

“மூணு. நாலு, ஒன்பது, பன்னிரண்டு.”

“எதுக்கு?”

புதன்கிழமை மேசையில் கிடந்த அச்சுத்தாளைத் தற்செயலாகப் பார்த்ததாக நர்ஸ் சொன்னாள். நான்காம் அத்தியாயத்தில் ஒரு மருந்தின் அளவு அரை மில்லிகிராம் என்று இருக்க வேண்டும். புள்ளியைக் காணோம், ஐந்து ஆகிவிட்டது. அதைப் படித்து ஒரு பெண் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று நினைத்ததும் சும்மா இருக்க முடியவில்லை. மருந்து அளவு வருகிற மூன்று அத்தியாயங்களையும் திறந்து, தவறான இடங்களில் மஞ்சள் வண்ணம் பூசிச் சரியான அளவைப் பக்கத்தில் எழுதிவைத்தாள்.

“அண்ணிகிட்டயே சொல்லியிருக்கலாமே.”

“வேண்டாம்பாங்க மேடம்.” நர்ஸின் குரல் இப்போதுதான் உடைந்தது. “ஆறு வாரமா அந்த ஒரே சொல்லுதான். காய் நறுக்கவான்னா வேண்டாம். தட்டு கழுவவான்னா வேண்டாம். நேத்து, தாள் சரிபார்க்க உதவி செய்யவான்னு கேட்டேன், அதுக்கும் வேண்டாம். அவங்களுக்கு நான் வேண்டாம், அவ்வளவுதான். அது புரியாம நான்தான் ஒட்டிக்கிட்டு இருந்தேன்.”

நர்ஸ் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை எஸ்.ஐ. பொறுத்திருந்தார்.

“கோப்பை மூடும்போது கணினி ஏதாவது கேட்டுச்சா?”

“ஒரு சின்னப் பெட்டி வந்தது. வேண்டும், வேண்டாம்னு ரெண்டு பொத்தான். அது அண்ணியோட வேலையாச்சே, நான் எப்படி வேண்டாம்னு சொல்றது? வேண்டும்னு அழுத்தினேன். மூணு தடவையும்.”

“இன்னொரு தடவை சொல்லு.”

சொன்னாள். எஸ்.ஐ. ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். காலில் கட்டு இருப்பது மறந்துபோய், எழுந்த வேகத்தில் ஒரு முனகலும் வந்தது.

9.50. கூடத்தில் எல்லோரும் இருந்தார்கள். அண்ணியை மேசையில் உட்காரவைத்து, நான்காம் அத்தியாயத்தைத் திறந்து மூடச் சொன்னார் எஸ்.ஐ. மூடியதும் மூலையில் ஒரு பெட்டி முளைத்தது. அண்ணியின் விரல் பழக்கத்தில் ஓடியது. எஸ்.ஐ. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பழகிய பிடி.

“பொறும்மா. நீங்க பிழைதிருத்துறவங்கதானே? இதைத் திருத்துங்க. ஒரு எழுத்து விடாம சத்தமா படிங்க.”

அண்ணி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தாள்.

“நேர்த்தி உங்கள் வீட்டைச் சுத்தமாக வைக்கிறது. அத்தியாயம் நான்கு. வேண்டும். வேண்டாம்.”

“கீழ?”

கீழே வெளிறிய சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. அண்ணி குனிந்தாள். மூக்கு திரையைத் தொட்டது. கண்ணாடிக் கடைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“வேண்டாம் எனக் குறித்த கோப்புகள் முப்பதாம் நாள் வேண்டாதவை அறைக்குச் செல்லும். ஏழு நாள் கழித்து அழிக்கப்படும்.” படித்து முடித்ததும் அண்ணியின் கை வாயைப் பொத்திக்கொண்டது.

“திருடன் தொட்டதை எடுத்துக்கிட்டுப் போவான், தொடாததை விட்டுட்டுப் போவான்,” என்றார் எஸ்.ஐ. “இங்க தலைகீழா இருக்கு. இந்தப் பொண்ணு தொட்ட மூணும் பத்திரமா இருக்கு. தொடாத பதினொண்ணும் போயிருக்கு. எல்லாரும் போனதையே பார்த்தீங்க, போகாதது ஏன் போகலைன்னு பார்க்கலை. குற்றவாளி கூடவே வந்த பதினேழு பேர்ல ஒருத்தன், பேரு நேர்த்தி. வந்து முப்பது நாள் காத்திருந்து இன்னிக்கு வேலையைக் காட்டியிருக்கான். ஆனா உத்தரவு கொடுத்தது நீங்கம்மா. தொந்தரவு வேண்டாம்னு நீங்க சொன்னீங்க. கோப்பு வேண்டாம்னு அவன் எடுத்துக்கிட்டான். இந்த மூணுக்கும் கடைசியா வேணும்னு சொன்னவ உங்க நாத்தனார்.”

வேண்டாதவை அறையை எஸ்.ஐ. சொல்லச் சொல்லக் கணவர் தேடித் திறந்தார். பதினொன்றும் வரிசையாக உட்கார்ந்திருந்தன, ஒரு எழுத்துக்கூடக் குறையாமல். ஒவ்வொன்றுக்கும் மறுபடி அதே கேள்வி. அண்ணி பதினொரு முறை வேண்டும் என்று அழுத்தினாள். அழுத்தும்போதெல்லாம் வாயாலும் சொன்னாள். பதினொன்றாவது முறை சொல்லி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் திணறினாள். அப்பாடா என்று கணவர் விட்ட மூச்சு மாடி வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

“யோசிக்காம என் வீட்டுக்குள்ளயே இவளைத் திருடியாக்கிட்டேனே,” என்றாள் அண்ணி.

“ரெண்டு அர்த்தம் வர்ற சொல்லும்மா அது,” என்றார் எஸ்.ஐ. “நீங்க ஒண்ணை நினைச்சுச் சொல்றீங்க, கேட்கிறவங்க இன்னொண்ணை எடுத்துக்கிறாங்க. இயந்திரம் மட்டும் இல்லை.”

அண்ணி நான்காம் அத்தியாயத்தை மறுபடி திறந்தாள். மஞ்சள் பூசிய இடம் வந்தது. பக்கத்தில் நர்ஸின் சின்னக் குறிப்பு. ஐந்து மாதமாக ஒற்றும் புள்ளியும் பார்த்தவள், அந்த ஒரு புள்ளியைத் தவறவிட்டிருந்தாள். நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

10.28. கீழே கார் ஒலி எழுப்பியது. நர்ஸ் பெட்டியோடு கூடத்தின் ஓரத்தில் நின்றாள். கோப்பு கிடைத்துவிட்டது, தன் மேல் விழுந்த பழியும் துடைக்கப்பட்டுவிட்டது, ஆனால் ஆறு வாரக் கணக்கு அப்படியேதான் இருந்தது.

“வண்டி வந்துடுச்சு அண்ணி. நான் கிளம்பட்டுமா?”

“வேண்டாம்,” என்றாள் அண்ணி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தன் வாய்க்கே சிவப்புப் பேனா போடுகிறவள் மாதிரி கையை உயர்த்தினாள்.

“இரு, முழுசா சொல்றேன். நீ போக வேண்டாம். நீ எனக்கு வேணும். வேலைக்குப் போயிட்டு வர்றவளை அடுப்படியில நிக்கவைக்கக் கூடாதுன்னுதான் இத்தனை நாளும் வேண்டாம் வேண்டாம்னேன். அதை வாயைத் திறந்து சொல்லத் தெரியலை. காலையில சொன்னது தப்பு. மன்னிச்சுடு.”

நர்ஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். கணவர் செருப்பைக்கூட மாட்டாமல் காரைத் திருப்பி அனுப்பப் படியிறங்கி ஓடினார்.

11.40. பதினான்கு அத்தியாயங்களும் அச்சகத்துக்குப் போயின. மருந்து அளவு வரும் மூன்றையும் இருவரும் சேர்ந்து பார்த்தார்கள், அண்ணி எழுத்தை, நர்ஸ் அளவை. அதன்பின் எஸ்.ஐ. தலைமையில் பதினேழு பேரும் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டார்கள். போகும்போதும் அவர்கள் சும்மா போகவில்லை. ‘எங்களை நீக்காமல் இருக்க வேண்டாமா?’ என்று ஒருவர் கேட்டார். அண்ணி அதை மூன்று முறை படித்து, நர்ஸிடம் கலந்து பேசி, அப்புறம்தான் அழுத்தினாள். ஒன்றரை மணிக்கு அந்தக் கணினியில் எழுத ஒரு பக்கமும் கணக்குப் போட ஒரு கருவியும் தவிர வேறு யாரும் இல்லை. மழை வருகிறதா என்று தெரிய ஜன்னலைத் திறந்துகொண்டார்கள்.

எஸ்.ஐ.யையும் இருத்திச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் நர்ஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

“நான் கழுவட்டுமா அண்ணி?”

“வேண்...” என்று ஆரம்பித்த அண்ணி மீதியை விழுங்கினாள். எஸ்.ஐ. தண்ணீர் டம்ளருக்குள் சிரித்தார்.

“கழுவு,” என்றாள் அண்ணி. “நான் துடைக்கிறேன்.”