தூங்குமூஞ்சிப் பாறை

கண்ணாடி நழுவுவதில்தான் அது ஆரம்பித்தது.

காலையில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடி மெல்ல இறங்கி மூக்கு நுனிக்கு வந்தது. மேலே தள்ளினார். மறுபடி இறங்கியது. இன்னொரு தடவை தள்ளிவிட்டுப் பக்கத்தைப் புரட்டக் குனிந்தபோது, கழன்று தட்டிலேயே விழுந்தது.

“ஊருக்கே கண்ணாடி மாட்டி விடறீங்க. உங்க மூக்குல ஒண்ணு நிக்க மாட்டேங்குது” என்றாள் அவள். கடைவீதியில் அவருக்குச் சொந்தமாகக் கண்ணாடிக்கடை இருந்தது.

“கண்ணாடி சரியாத்தான் இருக்கு. மூக்குதான் தேஞ்சுபோச்சு. உன்கிட்ட தினம் மூக்கறுபட்டா பின்னே என்ன ஆகும்?”

அவள் சிரித்தாள். தட்டிலிருந்து எடுத்துத் துடைத்து, தானே அவருக்கு மாட்டிவிடப் போனாள். கை பாதியில் நின்றது. வருஷக்கணக்காகக் கண்ணாடி அழுத்தி மூக்கின் இரு பக்கமும் விழுந்திருந்த பள்ளங்களைக் காணவில்லை. அந்த இடம் மழமழவென்றிருந்தது. ஆயிரம் பேர் பிடித்து இறங்கிய மாடிப்படிக் கைப்பிடி போல லேசாகப் பளபளத்தது.

அன்று படுக்கை உதறும்போது அவருடைய தலையணையில் வெள்ளைத் தூள் இருந்தது. முகத்தில் பூசும் பவுடர் இல்லை. முகர்ந்துகூடப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்த வறண்ட சுண்ணாம்பு வாசனையில்தான் அவள் தினமும் குளித்தெழுந்தாள். உள்ளரங்கில் செயற்கைச் சுவர் ஏறச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் அவள். ஏறுகிறவர்கள் கை வேர்க்காமல் இருக்கப் பூசிக்கொள்ளும் பொடி அது. என் துணியிலிருந்து உதிர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் தலையணை சுத்தமாக இருந்தது.

அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கப் போய் மாப்பிள்ளையை வாங்கிக்கொண்டு வந்தவள் என்று அவளை அண்ணி இன்றைக்கும் கேலி பேசுவாள். நிஜம்தான். கண்ணாடியைத் துடைத்தபடி அவர் நிமிர்ந்தபோது இடது கன்னத்தில் தெரிந்த மச்சம் அவளை அன்றே விழுங்கிவிட்டது. அவருக்குப் பாறையும் தெரியாது, ஏறவும் வராது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பின்னால் மெத்தையைச் சுமந்துகொண்டு வருவார். அவள் விழுந்தால் அடிபடாமல் இருக்கப் பாறை அடியில் விரிக்கிற தடி மெத்தை. விரித்த கையோடு அதிலேயே படுத்துத் தூங்கியும் விடுவார். தூங்குமூஞ்சி என்றுதான் அவள் அவரைக் கூப்பிடுவாள்.

போன வருஷம் அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓடையை ஒட்டி மரங்களுக்குள்ளே, யாரும் தொட்டிராத பாறை ஒன்றை அவர்கள் கண்டார்கள். இரண்டாள் உயரம். உச்சியிலிருந்து அடிவரை பாசி போர்த்தியிருந்தது. பாசிக்குள் வைத்தால் விரல் கணுவரை குளிர்ந்து இறங்கியது. சின்னச் சின்னப் பெரணிச் செடிகள். நகத்தளவு தவளைகள். அவர் பாறையில் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, “இதை விட்டுடேன். இது இப்படியே இருக்கட்டும்” என்றார்.

சரி என்றாள். அவர் தூங்கியதும் கம்பி பிரஷ்ஷை எடுத்தாள்.

பாசி ஈரக் கம்பளி போலப் பிய்ந்து வந்தது. பெரணிகளை வேரோடு பிடுங்கி ஓடையில் எறிந்தாள். பிரஷ்ஷில் சிக்கி ஏதோ ஒன்று நசுங்கியது, என்னவென்று பார்க்கவில்லை. உள்ளே கல் வெளிறி, இளசாக, அருமையான பிடிகளோடு இருந்தது. நடுவில் மூக்குத் தண்டு போல ஒரு மேடு. அதைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். ஏறினாள். ஒரு பாறையை முதலில் ஏறியவர் அதற்குப் பெயர் வைக்கலாம் என்பது ஏறுகிறவர்களிடையே வழக்கம். கீழே வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தாள். அன்பு பொங்கியது. தூங்குமூஞ்சி என்று அவர் பெயரையே வைத்தாள்.

ஏறும்போது எடுத்த வீடியோவை அன்றிரவே, அங்கே போகும் வழியோடு சேர்த்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி இணையத்தில் போட்டாள். மாதம் திரும்புவதற்குள் அந்தப் பாறைக்குக் கூட்டம் கூடிவிட்டது.

“நீயா போட்ட?” என்று அவர் ஒரே ஒரு தடவை கேட்டார்.

“நான் ஏன் போடறேன்? பல்லி போட்டிருப்பான்.”

பல்லி அவளோடு வேலை செய்யும் பையன். எந்தச் சுவரிலும் ஒட்டிக்கொள்வான் என்பதால் அந்தப் பெயர். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நம்பினாரா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

கண்ணாடி நழுவிய அந்தக் காலைக்குப்பின் ஒவ்வொரு விடுமுறை நாள் கழிந்தும் அவர் முகத்தில் ஏதாவது ஒன்று குறைந்தது. புருவம் மெலிந்தது. மேலுதட்டின் நடுவிலிருந்த வெட்டு தூர்ந்தது. சவரம் செய்ய வேண்டியிருக்கவில்லை. “வயசாகுது, முகம் பளபளன்னு ஆகுது, பொறாமையா உனக்கு?” என்று கேட்டார். இடையில் ஒரு வாரம் விடாமல் மழை பெய்தது. அந்த வாரம் எதுவும் மாறவில்லை. தலையணையும் சுத்தமாக இருந்தது. சமையலறை ஜன்னலில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஈரப் பாறையில் யாரும் ஏறுவதில்லை.

மழை விட்ட மறுநாள், வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அங்கே போனாள்.

ஓடையை ஒட்டி இருந்த செடிகள் இல்லை. ஒற்றையடிப் பாதை இருந்த இடத்தில் மாட்டு வண்டி போகும் அகலத்துக்கு மண் இறுகிக் கிடந்தது. மெத்தைகளைப் போட்டு இழுத்து இழுத்து மரத்தின் வேர்கள் தோலுரிந்து வெளியே தெரிந்தன. விரலில் சுற்றிய பிளாஸ்திரிகள், சிகரெட் துண்டுகள். பாறை முழுக்க மழையிலும் கரையாத வெள்ளைத் திட்டுகள். புதிதாக வருகிறவர்களுக்குப் பிடி எங்கே என்று காட்ட இழுத்து வைத்த கோடுகள். நடுவிலிருந்த அந்த மேட்டைப் பார்த்தாள். குளியலறை ஓடு போல வழுவழுத்திருந்தது. ஒரே விரலால் அதை மெல்லத் தடவினாள்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “மத்தியானம் கடையில ஒரு கூத்து. யாரோ என் மூக்கைத் தடவின மாதிரி இருந்துச்சு. ஆனா மத்தவங்க மாதிரி இல்ல. உன் கை மாதிரி இருந்துச்சு.”

“மத்தவங்களா?”

“அடிக்கடி அப்படித் தோணும். லீவு நாள்ல கூட்டமா. நரம்புல ஏதாவது இருக்கும், டாக்டர்கிட்ட காட்டணும்.”

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவை அழித்தாள். பெயரை அழித்தாள். பிறகு பல்லியைக் கூப்பிட்டாள்.

“நீங்க எடுத்துட்டா என்னக்கா, எல்லார் போன்லயும் இருக்கு” என்றான் அவன். “சனிக்கிழமை இருட்டினதும் லைட் போட்டு ஏறப்போறோம். குளிர்ல பிடி நல்லா நிக்கும். நாலு ஊர்லேர்ந்து ஆளுங்க வர்றாங்க. மாமாவையும் கூட்டிட்டு வாங்க, அவர் பேர்தானே.”

“யாரும் வர வேண்டாம்னு சொல்லு. அது தேயுதுடா.”

“அக்கா, அது கல்லு. சோப்புக்கட்டி இல்ல.”

சனிக்கிழமை வானத்தில் மருந்துக்குக்கூட மேகம் இல்லை. பாறையின் முன்னால் போய் நின்றுகொள்வது என்று அவள் முடிவு செய்து, வண்டிச் சாவியையும் எடுத்துவிட்டாள். ஆனால் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “இன்னிக்கு என்னை விட்டுட்டுப் போகாத. என்னமோ பயமா இருக்கு.” அந்த மனிதர் எதற்கும் பயந்து அவள் பார்த்ததில்லை. சாவியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். வெளியே இருட்டியது. பக்கத்து வீட்டில் குக்கர் விசிலடித்தது. யாரோ குழந்தையை அதட்டினார்கள். பிறகு அந்தச் சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக விலகிப்போக, மின்விசிறியின் முனகலும் அவர் மூச்சும் மட்டும் கூடத்தில் மிஞ்சின.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பாறை விஷயம். அன்னிக்கு நான்…”

சர்ர். சர்ர்.

கெட்டி மயிர் பிரஷ் கல்லில் தேய்கிற சத்தம். ஏறும் முன் பிடியிலிருந்து பழைய பொடியைத் தட்டுகிற சத்தம். அது அவர் முகத்திலிருந்து வந்தது.

சத்தம் நின்றது. ஊப் என்று ஒரு மூச்சு. தூளை ஊதிவிடும் மூச்சு. அவருடைய கண்ணிமைகள் அந்தக் காற்றில் அசைந்தன. கூடத்தில் அவர்கள் இருவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

அவர் கண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. கட்டைவிரல் அகலம். மெதுவாக, கவனமாக. எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டும் கோடு. அவள் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள். வாயோரம் இன்னொன்று விழுந்தது. அதையும் துடைத்தாள். தாடையில். காதருகே. நெற்றியில்.

“நிறைய பேரு” என்றார் அவர். குரல் குழறியது. “வரிசையில நிக்கறாங்க.”

“போகச் சொல்லுங்க.”

“முதல்ல ஏறினவங்க யாருன்னு கேக்கறாங்க.”

அவள் பாய்ந்து இரு கைகளாலும் அவர் முகத்தைப் பொத்தினாள். உள்ளங்கைக்கு அடியில் விரல்கள் இருந்தன. அவள் விரல்கள் அல்ல. சூடான, அவசரமான விரல்கள். பொடி பூசியவை. ஒன்று நகர்ந்தால் இன்னொன்று வந்தது. அவள் இன்னும் அழுத்தினாள். அவை முரட்டுத்தனம் செய்யவில்லை. அவளுக்கு இடம்கொடுத்து ஒதுங்கின. ஒவ்வொன்றாக. மரியாதையாக.

பிறகு அமைதி.

“பேசுங்க” என்றாள். “ஏதாவது பேசுங்க.”

உள்ளங்கையில் மூச்சு படவில்லை. மூக்கு இடறவில்லை. மச்சம் இருந்த இடத்தை விரலால் தேடினாள். எங்கும் ஒரே மாதிரி இருந்தது. குளிர்ச்சி. வழவழப்பு.

கையை எடுத்தாள்.

நாற்காலியில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மார்பு ஏறி இறங்கியது. அவள் குரல் வந்த திசைக்கு, அன்போடு தலையைச் சாய்த்து, அந்த வெறும் முட்டை வழுவழுப்பைத் திருப்பினார். அதன் நடுவில் வெள்ளையாக இரண்டு கைகளின் அச்சு. இரண்டும் அவளுடைய அளவு.

கையைப் பின்னால் இழுக்க நினைத்தாள். அவள் விரல்கள் அதற்குள் மறுபடி அவர் முகத்துக்குப் போயிருந்தன. மேலும் கீழும் நிதானமாக நகர்ந்து, பிடி தேடிக்கொண்டிருந்தன.